ஓரமாகப் போனால் போதுமா? சைக்கிள்காரர்களின் கேள்விகள், நம் பதில்கள்

"சேலத்தில் தினமும் சைக்கிளில் போகிறவர்கள் எழுதுங்கள்" என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில். அதையும் தேடிப் படித்து இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஒரு லாரி ஓட்டுநர்கூட எழுதியிருக்கிறார், திட்டித்தான். எல்லாக் கடிதத்தையும் போட இடமில்லை, ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். பதில் சொல்கிற நான் போக்குவரத்து நிபுணர் எல்லாம் இல்லை. கன்னங்குறிச்சியிலிருந்து டவுனுக்குப் பல வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிற ஆள், அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

கேள்வி: சிவதாபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிற கொலுசுப் பட்டறைக்குத் தினமும் சைக்கிளில் போகிறேன். எவ்வளவு ஓரமாகப் போனாலும் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து இன்னும் ஓரம் தள்ளுகிறார்கள். மண்ணில் இறங்கி விழுந்தும் இருக்கிறேன். இதற்கு மேல் ஓரம் போனால் சாக்கடைதான். என்ன செய்வது?
(பட்டறைத் தொழிலாளி, சிவதாபுரம்)

பதில்: அண்ணே, நீங்கள் அவ்வளவு ஓரமாகப் போவதுதான் வம்பே. தார் முடிகிற விளிம்பிலேயே சக்கரத்தை வைத்துப் போனால், பின்னால் வருகிற பஸ்காரர் ஸ்டியரிங்கைத் தொடாமலே உங்களைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பார். அந்த நினைப்பில் உங்கள் ஹேண்டில் பாரின் அகலம் இருக்காது, பள்ளத்தைப் பார்த்து நீங்கள் சட்டென்று ஓர் அடி விலகுவதும் இருக்காது. விளிம்பிலிருந்து மூன்று அடி, அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டிப் பாருங்கள். அப்போது அவர் தாண்ட வேண்டுமானால் கொஞ்சமாவது வலப்பக்கம் ஒடித்துத்தான் ஆக வேண்டும். ஒடிக்கிறார் என்றாலே உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அப்படியும் யாராவது உரசுகிற மாதிரி வந்தால் இடப்பக்கம் ஒதுங்க உங்களுக்கு அந்த மூன்று அடி மிச்சம் இருக்கிறது. விளிம்பில் போகிறவருக்கு அதுவும் இல்லை, நேரே மண்தான்.

முதல் இரண்டு நாள் ஹாரன் கூடும், "பெருசு, ஓரமாப் போ" என்று ஒருவர் சொல்லாமலும் இருக்க மாட்டார். எனக்கு இன்னமும் கிடைக்கிறது. காதில் வாங்கிக்கொண்டு நேராகப் போய்க்கொண்டே இருங்கள்.

ஓரம் ஏன் ஆபத்து என்பதற்கு நம்மூர் ரோட்டிலேயே நாலு காரணம் கிடக்கிறது. மணல், கண்ணாடித் துண்டு, உயர்ந்தும் தாழ்ந்தும் கிடக்கிற பாதாளச் சாக்கடை மூடி, இதெல்லாம் ஓரத்தில்தான் சேரும். தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, மண் தரை கீழேயே நிற்கிற இடங்களில் விளிம்பு ஒரு படி மாதிரி ஆகிவிடுகிறது. மண்ணில் இறங்கிய சைக்கிளை மறுபடி ரோட்டுக்கு ஏற்றும்போது டயர் அந்தப் படியைச் சாய்வாக உரசினால் வழுக்கி, ஆள் ரோட்டுப் பக்கமாக விழுவார், பின்னால் வண்டி வருகிற பக்கம். அதனால் இறங்கிவிட்டீர்கள் என்றால் நின்றுவிடுங்கள். பின்னால் பார்த்துத் தூக்கி வைத்து ஏறுங்கள்.

அப்புறம் நிற்கிற கார்கள். டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அவர் கதவு திறப்பது உங்கள் பாதைக்குள். நிறுத்தியிருக்கிற காரிலிருந்தும் அதே மூன்று அடி வேண்டும். தூரத்தில் வரும்போதே உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பார்க்கப் பழகினால், திறக்கப் போகிற கதவுகளில் பாதியை முன்பே கண்டுபிடித்துவிடலாம். கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: வலக் கதவை இடக் கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார்.

இன்னொன்று, இரண்டு காருக்கு நடுவே காலி இடம் இருக்கிறதே என்று உள்ளே போய் வெளியே வந்து ஓட்ட வேண்டாம். உங்களுக்கு அது வழி விடுவதாகத் தோன்றும், பின்னால் வருகிறவருக்கோ நீங்கள் காணாமல் போய் திடீரென்று முளைக்கிறீர்கள். ஒரே கோட்டில் போங்கள். ரோடு குறுகி, பின்னால் ஒரு பஸ் ரொம்ப நேரமாக ஊர்ந்துகொண்டு வந்தால், அகலமான இடம் வந்ததும் நீங்களாகவே கை காட்டி ஒதுங்கி நின்று அனுப்பிவிடுங்கள். எங்கே ஒதுங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும், அவருடைய ஹாரன் முடிவு செய்யக்கூடாது.

கேள்வி: நான் லாரி ஓட்டுகிறவன். ராத்திரி கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் வந்தால் எதிரே ராங் சைடில் சைக்கிள் வருகிறது. விளக்கு கிடையாது, சட்டையும் கறுப்பு. பக்கத்தில் வந்த பிறகுதான் ஆள் இருப்பதே தெரிகிறது. ஏதாவது ஆனால் கேஸ் எங்கள் மேல். உங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லக்கூடாதா?
(ஓட்டுநர், சங்ககிரி)

பதில்: சொல்கிறேன், நீங்கள் கேட்பது நியாயம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். லாரி மணிக்கு 40 கிலோமீட்டர், சைக்கிள் 15. சைக்கிள் எதிரே வந்தால் இரண்டும் 55 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகின்றன, அதாவது விநாடிக்கு 15 மீட்டர். அதே சைக்கிள் சரியான பக்கத்தில் லாரிக்கு முன்னால் போனால் வித்தியாசம் 25 கிலோமீட்டர்தான், விநாடிக்கு 7 மீட்டர். விளக்கு வெளிச்சத்தில் 30 மீட்டர் தூரத்தில் சைக்கிளைப் பார்க்கிறீர்கள் என்றால், எதிரே வருகிறவருக்கு இரண்டே விநாடி, முன்னால் போகிறவருக்கு நான்கு விநாடிக்கு மேல். பிரேக்குக்குக் கால் போகவே ஒரு விநாடி ஆகும். "எதிரே வருகிற வண்டி நம் கண்ணுக்குத் தெரியும், அதனால் ராங் சைடுதான் சேஃப்" என்று சொல்கிற சைக்கிள்காரர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் அவர்கள் ஏன் அப்படி வருகிறார்கள் என்பதையும் பார்க்கணும். நான்கு வழிச்சாலையில் நடுவே திறப்பு எங்கேயோ இருக்கும், எதிர்ப்பக்கம் போக நெடுந்தூரம் சுற்ற வேண்டும். பகலெல்லாம் தறியடியில் நின்றுவிட்டு வருகிறவர் அந்தச் சுற்றைச் சுற்ற மாட்டார். சோம்பேறி என்று சொல்லிவிடலாம், எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு நான் சொல்வது இதுதான்: சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள். அதுவும் இல்லாத கொஞ்ச தூரத்துக்கு இறங்கி, தார்ச் சாலையை விட்டு, தள்ளிக்கொண்டு போங்கள். தள்ளும்போது நீங்கள் பாதசாரி, எதிரே வண்டியைப் பார்த்துக்கொண்டு நடப்பதில் தப்பில்லை.

விளக்கு விஷயத்தில் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முன்பெல்லாம் டைனமோ, மிதித்தால் எரியும், நின்றால் அணையும். இப்போது பின்னால் மாட்டுகிற சிவப்பு மினுக்கு விளக்கு இருநூறு முந்நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அதுவும் முடியாதென்றால் பின் மட்கார்டில் ஒளிபடும் ஸ்டிக்கர் ஒரு துண்டு ஒட்டுங்கள். பெடலில் இருக்கிற மஞ்சள் பிரதிபலிப்பான் உடைந்தால் மாற்றுங்கள். அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்ததும் தூரத்திலேயே டிரைவருக்குச் சைக்கிள் என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கும் இரண்டு வேண்டுகோள். சைக்கிள்காரருக்குப் பின்னால் வந்து காதருகே ஏர் ஹாரனை அழுத்தாதீர்கள், கை நடுங்கி உங்கள் பக்கமே சாய்வார். தூரத்திலிருந்து ஒரு சின்ன ஹாரன் போதும். அப்புறம், கேபின் தாண்டியதுமே இடப்பக்கம் வராதீர்கள். உங்கள் பின் சக்கரம் இன்னும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: புது பஸ் ஸ்டாண்டு பக்கம் டவுன் பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போய் உடனே இடப்பக்கம் ஒடித்து நின்றது. நான் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். பெரிய அடி இல்லை. அந்த மாதிரி நேரத்தில் எப்படித் தப்பிப்பது?
(டீக்கடை ஊழியர், மெய்யனூர்)

பதில்: பஸ் உங்களைத் தாண்டும்போதே பெடலை நிறுத்திவிடுங்கள். தாண்டிய பஸ் எப்படியும் அடுத்த நிறுத்தத்தில் நிற்கப் போகிறது, நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிற்கும், அதுதானே நம்மூர் வழக்கம். நின்ற பஸ்ஸின் இடப்பக்கம் நுழையவே கூடாது. ஆள் இறங்குகிற பக்கம் அது. பின்னாலேயே நில்லுங்கள். ரொம்ப நேரம் நிற்கிறதென்றால் பின்னால் திரும்பிப் பார்த்து, கை காட்டி, வலப்பக்கமாகத் தாண்டுங்கள்.

இதைவிட மோசமானது சிக்னல். சிவப்பில் ஒரு லாரி நிற்கிறது, இடப்பக்கம் சந்து மாதிரி இடம் இருக்கிறது, நாம் முன்னால் போய் நின்றுகொள்கிறோம். பச்சை விழுந்ததும் லாரி இடப்பக்கம் திரும்புகிறது. டிரைவர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், லாரியின் இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கிற சைக்கிள் அவருக்குத் தெரியவே தெரியாது. நீள வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கேபின் தாண்டிவிட்டது, தப்பித்தோம் என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் பின் சக்கரம் வருகிறது. இண்டிகேட்டர் போடாத லாரியும் திரும்பும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் பெரிய வண்டிக்குப் பின்னால் நில்லுங்கள், முன்னால் போய்த்தான் ஆகணும் என்றால் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னால் போய் நில்லுங்கள். அவர் முகம் தெரியவில்லை என்றால் உங்கள் முகமும் அவருக்குத் தெரியாது.

வலப்பக்கம் திரும்புவது பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அஞ்சு ரோடு, நாலு ரோடு மாதிரி இடங்களில் நடு ரோட்டுக்கு வந்து திரும்ப எனக்கும் பிடிக்காது. நேராக அந்தப் பக்கம் போய், ஓரமாக நிறுத்தி, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அடுத்த பச்சையில் கூட்டத்தோடு போவேன். ஒரு நிமிஷம் கூடும்.

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளியில் விலையில்லா சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து பள்ளி 4 கிலோமீட்டர். அவளுக்கு ஒரே ஆசை, எனக்கு ஒரே பயம். அவள் அப்பா பைக்கில் விடுகிறேன் என்கிறார். அனுப்பலாமா ஐயா?
(ஒரு தாய், அழகாபுரம்)

பதில்: அனுப்புங்கள் அம்மா. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாலும் அதே ரோடுதான்.

ஆனால் கொடுத்த அன்றே ஏறி மிதிக்க வேண்டாம். மொத்தமாகக் கோத்து இறக்குகிற சைக்கிள், நட்டெல்லாம் முறுக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தெருமுனைக் கடையில் கொடுத்து ஹேண்டில் பார், சீட், இரண்டு சக்கர நட்டு, பிரேக் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து இறுக்கச் சொல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் படுகிற உயரம் இப்போதைக்குப் போதும். செயின் மூடி கழன்றிருந்தால் மாட்டச் சொல்லுங்கள், சுடிதார் பேண்ட் சிக்கினால் ஆள் கீழே. துப்பட்டாவைப் பின் குத்தியோ இடுப்பில் கட்டியோ விடுங்கள். புத்தகப் பை கேரியரில், ரப்பர் கயிற்றால் கட்டி. ஹேண்டில் பாரில் தொங்கவிட்ட பை திருப்பத்தில் சக்கரத்தில் போய் மாட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த 4 கிலோமீட்டரையும் அவளோடு நீங்களோ அவள் அப்பாவோ போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் பள்ளம், எந்தச் சந்திலிருந்து பைக் பாய்கிறது, எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். சாரதா கல்லூரி ரோட்டு நெரிசலைத் தவிர்க்க உள்தெரு வழி கிடைத்தால் இரண்டு நிமிஷம் கூடினாலும் அதில் போகட்டும். தோழிகளோடு போவது நல்லதுதான், ஆனால் மூன்று பேர் வரிசையாகப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கே வயிறு கலக்கும். ஒருவர் பின் ஒருவராகப் போகணும், பேச்சைப் பள்ளியில் வைத்துக்கொள்ளலாம். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம், பின்னால் வருவதைக் காட்டிக்கொடுப்பது காதுதான்.

கேள்வி: சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயமா?
(சூரமங்கலம்)

பதில்: இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு சொல்வது மோட்டார் சைக்கிளுக்குத்தான். நான் போட்டுக்கொள்கிறேன், மலைப்பாதைக்கும் இருட்டுக்கும் கண்டிப்பாக. பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மிதிக்காதீர்கள், சேலம் வெயிலில் வெந்துவிடுவீர்கள். காற்று போகிற சைக்கிள் ஹெல்மெட் தனியாக இருக்கிறது.

கேள்வி: எனக்கு 43 வயது. சின்ன வயதில் அண்ணன் தம்பிகள் எல்லாம் குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்டார்கள், என்னை விடவில்லை. இப்போது கற்றுக்கொண்டால் சிரிப்பார்களா? சேலைதான் கட்டுவேன்.
(தையல் தொழிலாளி, அம்மாப்பேட்டை)

பதில்: சிரிப்பார்கள், ஒரு வாரம். அதற்குள் நீங்கள் ஓட்ட ஆரம்பித்திருப்பீர்கள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள், ஆயிரக்கணக்கில். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். வயலில் வேலை செய்கிறவர்கள், கல்குவாரிப் பெண்கள், எல்லாரும் சேலையில்தான் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அவர்களையும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

கற்றுக்கொள்ள எளிய வழி இருக்கிறது, யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடத் தேவையில்லை. சின்ன லேடீஸ் சைக்கிள் ஒன்றை எடுத்து, இரண்டு பெடலையும் கழற்றச் சொல்லுங்கள் (இடப்பக்கப் பெடல் எதிர்த் திசையில் கழலும், கடைக்காரருக்குத் தெரியும்). சீட்டை முழுக்க இறக்கி, உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதிய, காலால் உந்தி உந்திப் போங்கள். லேசான இறக்கம் இருக்கிற மைதானம் என்றால் இன்னும் நல்லது. கால் தரையில் படாமல் கொஞ்ச தூரம் போக வந்துவிட்டால் பேலன்ஸ் வந்துவிட்டது, அப்புறம் பெடலை மாட்டுங்கள். அதற்கு முன்பே பிரேக் பிடித்து நிற்கப் பழகிவிடுங்கள், பலரும் இதைக் கடைசியில் கற்றுக்கொண்டு சுவரில் போய் நிற்கிறார்கள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கிவிடுங்கள். பின் சக்கரத்துக்குச் சேலை வலை ஒன்று போட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். ரோட்டுக்கு வருவதற்கு முன், நேர்க்கோட்டில் போய்க்கொண்டே வலப்பக்கம் திரும்பிப் பார்க்க வருகிறதா என்று மைதானத்திலேயே பாருங்கள். தலை திரும்பினால் சைக்கிளும் திரும்பினால் இன்னும் சில நாள் மைதானம்தான்.

கேள்வி: நானும் நண்பர்களும் கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறோம். ஏற்காடு ஏறணும், அதுவும் 20 கொண்டை ஊசியும் இறங்காமல். டிப்ஸ் சொல்லுங்க அண்ணா. இறங்கும்போது செம ஜாலியா இருக்கும்ல?
(கல்லூரி மாணவர், அயோத்தியாப்பட்டணம்)

பதில்: தம்பி, ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அந்தக் கடைசி வரிதான் கவலை. ஏறும்போது அதிகபட்சம் மூச்சு வாங்கும், கால் பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்துவிடுவீர்கள். இறங்கும்போதுதான் உடைப்பார்கள்.

முதலில் ஏற்றம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். பழகியவர் இரண்டு மணி நேரத்தில் ஏறுவார், புதிதாக ஏறுகிறவர் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுங்கள், ஞாயிறும் கோடை விழா நாட்களும் வேண்டாம். மே மாதம் அந்த விழா நேரத்தில் போலீசாரே வண்டிகளை அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்கிவிடுகிற அளவுக்குக் கூட்டம் வரும். இடப்பக்கமாகத் திரும்புகிற ஊசியில் உள் ஓரம்தான் மகா செங்குத்து, அதோடு மேலே ஏறுகிற பஸ்ஸின் பின் சக்கரம் வெட்டுவதும் அந்த உள் ஓரத்தைத்தான். பின்னால் பஸ் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று அதை அனுப்பிவிட்டு ஏறுங்கள். இறங்காமல் ஏறணும் என்ற சபதத்தை அந்த இடத்தில் விட்டுவிடுங்கள், யாரும் பரிசு தரப்போவதில்லை. ஏறுகிற லாரியின் பின்னால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போவதை என் வயதுக்காரர்கள் வீரம் மாதிரி சொல்வார்கள், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

மலையில் ரோடு குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. நீங்கள் இறங்கும்போதும் இதை ஞாபகம் வைக்கணும், எதிரே மூச்சிரைக்க ஏறிவருகிற பஸ்ஸுக்கு நீங்கள்தான் ஒதுங்கணும்.

இப்போது இறக்கம். பெரும்பாலான சைக்கிளில் வலக்கை முன் பிரேக், இடக்கை பின் பிரேக், உங்களுடையதில் எது எது என்று கீழேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் போட்டதும் உடம்பின் எடை முன்பக்கம் போகிறது, அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குக்கு. முன்னதை மட்டும் சடாரென்று பிடித்தால் தலைகுப்புற, பின்னதை மட்டும் பிடித்தால் சக்கரம் பூட்டி வழுக்கும். இரண்டையும் சேர்த்து, வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தி உருளுங்கள். உள்பக்கப் பெடல் மேலே இருக்கட்டும், கீழே இருந்தால் சாய்வில் தரையில் இடிக்கும். கண் பள்ளத்தைப் பார்க்கக்கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்கணும், சைக்கிள் கண் போகிற பக்கம் போகும்.

இறக்கம் முழுக்க பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவது ரொம்பத் தப்பு. கட்டை வைத்த ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி உள்ளே டியூபே வெடிக்கலாம், டிஸ்க் என்றால் காய்ந்து பிடிமானம் குறையும். பிடித்து விடுங்கள், பிடித்து விடுங்கள். நடுவில் 60 அடி பாலம், 40 அடி பாலம் மாதிரி அகலமான இடங்களில் நின்று ஆறவிடுங்கள். ரிம்மைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், நான் சொன்னது எவ்வளவு நிஜம் என்று விரல் சொல்லிவிடும்.

மேலே பனி மூட்டம் இறங்கினால் பகலிலும் முன்னும் பின்னும் விளக்கு. மழையில் ரிம் பிரேக் பிடிக்கவே நேரம் எடுக்கும், முதல் சில சுற்றில் ரிம்மிலிருக்கிற தண்ணீரைத்தான் துடைக்கும். பெருமழை நாட்களில் போகவே வேண்டாம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. குரங்குகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒரு விஷயம்: வளைவில் கார் நிறுத்திக் குரங்குக்குப் பழம் போடுகிறவர்கள் இருப்பார்கள். குரங்கைவிட அந்தக் கார்தான் ஆபத்து. வளைவு தாண்டியதும் ரோட்டில் ஏதோ நிற்கிறது என்றே நினைத்து இறங்குங்கள்.

குப்பனூர் வழியில் சாதாரண நாட்களில் வண்டி குறைவு, பாதையும் குறுகல். முதல் தடவை அடிவாரம் வழியே ஏறி அதே வழியில் இறங்குங்கள், ஏறும்போது பார்த்த பள்ளங்கள் இறங்கும்போது நினைவிருக்கும். மேலே போய் உடம்பில் தெம்பிருந்தால் 32 கிலோமீட்டர் லூப் ரோடு இருக்கிறது. தெம்பில்லை என்றால் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி இருக்கிறது.

கேள்வி: அஞ்சு ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்தில் சைக்கிள் ஓட்டலாமா? கீழே ஒரே நெரிசல்.
(ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் போட்ட பலகை இருந்தால் பேச்சே இல்லை, போகக்கூடாது. பலகை இல்லாத மேம்பாலத்திலும் நான் ஏறுவதில்லை. ஏற்றத்தில் நம் வேகம் பத்துக்கும் கீழே இறங்கும், பின்னால் வருகிறவர் சிக்னல் இல்லை என்ற சந்தோஷத்தில் வருவார், இரண்டு பக்கமும் சுவர், ஒதுங்க இடமில்லை. கீழ் நெரிசலில் எல்லாரும் மெதுவாகத்தான் போகிறார்கள், நமக்கு அதுதான் வசதி.

கேள்வி: ஒரு பைக் என் சைக்கிளில் இடித்துவிட்டது. அந்த ஆள் ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் மணிக்கட்டில் எலும்பு விரிசல் என்று தெரிந்தது. சைக்கிள்காரனுக்கு இன்சூரன்ஸ் எல்லாம் வருமா?
(தறித் தொழிலாளி, குகை)

பதில்: வரும். இடித்த மோட்டார் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், சைக்கிளில் போன நீங்கள்தான் அந்த மூன்றாம் நபர். போலீசில் புகார் கொடுத்து, மருத்துவமனைச் சீட்டுகளோடு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அதற்கு வண்டி நம்பர் வேண்டும். இடித்தவுடன் முதல் வேலை நம்பரை மனசிலோ போனிலோ ஏற்றுவது, பணத்தைப் பற்றிய பேச்சு அப்புறம். ரோட்டிலேயே "ஒண்ணுமில்லை, போங்க" என்று அனுப்பிவிடுகிற நல்ல மனசு நம்மவர்களுக்கு ஜாஸ்தி, அடி தெரிய நேரமாகும் என்பது அந்தச் சூட்டில் தோன்றாது. உங்கள் விஷயத்திலும் அந்தப் பக்கத்துக் கடைகளில் கேமரா இருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இடித்த வண்டி எது என்றே தெரியாமல் போனால், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் தருகிற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, 2022 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகை. அதற்கும் போலீஸ் புகார் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைச் செலவை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை என்றாலும், அரசு ஏற்கிறது, அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தலையில் அடி, வாந்தி, மயக்கம் என்றால் வீட்டுக்குப் போகவே வேண்டாம், 108.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் ஒன்று. விழுந்தவரைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ் தொந்தரவு வரும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்த்த 134ஏ பிரிவு அப்படி உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்த முடியாது.

கேள்வி: இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது நாய்கள் துரத்துகின்றன. வேகமாக மிதித்தால் இன்னும் துரத்துகின்றன. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போவதற்குள் உயிர் போகிறது.
(செக்யூரிட்டி, கோரிமேடு)

பதில்: வேகமாக மிதிப்பதால்தான் துரத்துகின்றன. மெதுவாக்குங்கள், அப்படியும் வந்தால் நின்று இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். ஓடாத ஆளிடம் பெரும்பாலான நாய்க்கு ஆர்வம் போய்விடும். காலைத் தூக்கி உதைக்கப் பார்த்து நடு ரோட்டுக்குப் போய்விடாதீர்கள், பின்னால் வருகிற வண்டிக்கு நாய் தெரியாது. கடித்துவிட்டால், லேசான கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காமல் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத் தவணை ஊசிகளை, வலி போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.